மலிவாகக் கிடைக்கிறதா தின் கிளையன்ட்? வாங்கும் முன் படியுங்கள்!

குன்னூர் எஸ்டேட் பகுதிகளில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "சின்னப் பெட்டி, மின்செலவு குறைவு, விலையும் மலிவு. பழைய தின் கிளையன்ட் வாங்கலாமா சார்?"

தின் கிளையன்ட் சர்வரை நம்பி இயங்குவது. கணக்கு, கடிதம் என எல்லா வேலையையும் சர்வர் செய்யும்; நம் முன்னால் உள்ள பெட்டி திரையில் காட்டும். சன் நிறுவனம் 1999ல் வெளியிட்ட 'சன் ரே' இதற்குச் சரியான உதாரணம். அதில் ஹார்ட் டிஸ்க்கே கிடையாது.

இதே சன், 2008ல் இன்னோடெக் நிறுவனத்தை வாங்கியது. அதோடு 'விர்ச்சுவல்பாக்ஸ்' சாஃப்ட்வேரும் வந்தது. உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கித் தரும் சாஃப்ட்வேர் இது.

2010 ஜனவரியில் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. அடுத்து என்ன ஆனது? 2013ல் சன் ரே தயாரிப்பைக் கைவிடுவதாக ஆரக்கிள் அறிவித்தது. உரிய சர்வர் சாஃப்ட்வேர் இல்லாவிட்டால் சன் ரே வெறும் பெட்டிதான். விர்ச்சுவல்பாக்ஸோ இன்றும் புதிய பதிப்புகளுடன் வருகிறது. அதன் அடிப்படைத் தொகுப்பு ஓப்பன் சோர்ஸ் என்பதால், ஆரக்கிள் கைவிட்டாலும் மற்றவர்கள் தொடர முடியும்.

எனவே, வீட்டுக்குச் சாதாரணக் கம்ப்யூட்டரையே வாங்குங்கள். 8 ஜிபி ராம் இருந்தால் நல்லது. விர்ச்சுவல்பாக்ஸை இலவசமாக டவுன்லோட் செய்து, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை அதில் நிறுவிப் பழகுங்கள். உங்கள் விண்டோஸ் அப்படியே இருக்கும். பிடிக்கவில்லையா? அந்த விர்ச்சுவல் மெஷினை மட்டும் அழித்துவிடலாம்.

தின் கிளையன்ட்தான் வேண்டும் என்பவர்கள், சர்வர் இணைப்பு இல்லாமல் அதை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். இயங்கினால் மட்டும் பணம் கொடுங்கள்.