பயணமும் தொற்றும் – 7: ஊர் திரும்பும் வழியில் ‘பாசிட்டிவ்’

வெளிநாட்டில் இருக்கும்போது கோவிட் ‘பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால் பயணிக்கு ஒரே நேரத்தில் இரண்டு தொல்லைகள். முதலாவது நோய். பெரும்பாலானவர்களுக்கு அது ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இரண்டாவது காகிதம். ஆய்வகம் தரும் ரிசல்ட், விமான நிறுவனம் கேட்கும் சான்று, தங்கியிருக்கும் நாட்டின் தனிமைப்படுத்தும் உத்தரவு, திரும்ப வேண்டிய நாட்டின் நுழைவு விதி என்று அது நீண்டுகொண்டே போகும். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. காய்ச்சல் விட்ட பிறகும் காகிதம் விடவில்லை என்பதுதான் 2021, 2022 ஆண்டுகளில் பயணிகளைப் பாடாய்ப் படுத்தியது.

அமெரிக்காவின் விதி இதற்கு நல்ல உதாரணம். 2021 ஜனவரி 26 முதல், இரண்டு வயது நிரம்பிய எவரும் விமானத்தில் அந்நாட்டுக்குள் வர, புறப்படுவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் எடுத்த ‘நெகட்டிவ்’ ரிசல்ட்டைக் காட்ட வேண்டும் என்று அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி உத்தரவிட்டது. அமெரிக்கக் குடிமக்களுக்கும் விலக்கு இல்லை. ஒமைக்ரான் தலைகாட்டியதும், 2021 டிசம்பர் 6 முதல் அந்த மூன்று நாள் ஒரு நாளாகச் சுருங்கியது. உத்தரவு விலகியது 2022 ஜூன் 12 அன்றுதான். ரிசல்ட்டைச் சரிபார்க்கும் வேலை விமான நிறுவனத்தின் தலையில் கட்டப்பட்டது. அதனால் பயணி மாட்டிக்கொண்டது சொந்த ஊர் குடியேற்ற அதிகாரியிடம் அல்ல. ரோமிலோ பாரிஸிலோ உள்ள செக்-இன் கவுன்ட்டரில்.

புறப்படும்போது பாசிட்டிவ் வந்தால் பயணம் ரத்தாகும், பணம் நஷ்டமாகும், ஆனால் படுத்துக்கொள்ளச் சொந்த வீடு இருக்கும். திரும்பும்போது வந்தால் அறை காலி செய்யும் நேரம் நெருங்கியிருக்கும், விடுப்பு முடிந்திருக்கும், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளும் தீரும் நிலையில் இருக்கும். பரிசோதனை விமானத்துக்கு முந்தைய நாள் என்பதால், இருமல்கூட இல்லாதவருக்கும் அன்றுதான் சேதி தெரியும்.

அடுத்த நடவடிக்கை எது என்பது எந்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் வந்தது என்பதைப் பொறுத்தது. ஆன்டிஜென் பரிசோதனை வைரஸின் புரதத்தைத் தேடுகிறது. 15 முதல் 30 நிமிடத்தில் பதில் கிடைக்கும். உடலில் வைரஸ் ஏராளமாக இருக்கும் நாட்களில்தான் பட்டையில் இரண்டாவது கோடு விழும். ஆர்டி-பிசிஆர் வைரஸின் ஆர்என்ஏவைத் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்ப்பதால் துண்டு துணுக்கு மிச்சமிருந்தாலும் பிடித்துவிடும். அடுத்தவருக்குத் தொற்றவைக்கும் சக்தி போன பிறகும் சிலருக்குப் பல வாரங்கள், அரிதாக மூன்று மாதம் வரைகூட, இதில் பாசிட்டிவ் வரும். எத்தனை சுற்று பெருக்கிய பிறகு வைரஸ் தெரிந்தது என்று காட்டும் சிடி எண் கூடக்கூட வைரஸின் அளவு குறைவு என்று மருத்துவருக்குத் தெரியும். கவுன்ட்டரில் இருப்பவருக்கு அது தெரிய வேண்டியதில்லை; பாசிட்டிவ் என்றால் பாசிட்டிவ்தான்.

அமெரிக்கா இரண்டு பரிசோதனைகளில் எதையும் ஏற்றது. இந்தியாவின் ‘ஏர் சுவிதா’ இணையதளம் 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர் ரிசல்ட்டையே கேட்டது. இந்த ஒரு கணக்கில் பார்த்தால், சிகாகோவில் நோய் வந்து குணமானவர் சென்னைக்கு விமானம் ஏறுவது, சென்னையில் குணமானவர் சிகாகோ போவதைவிடக் கடினம். ஐக்கிய அரபு அமீரகத்தின் விதி இன்னும் கடுமை. 2021 ஆகஸ்டில் தொடங்கி 2022 பிப்ரவரி வரை, இந்தியாவிலிருந்து துபாய் செல்பவர் முன்கூட்டி எடுத்த பிசிஆர் போதாதென்று, விமான நிலையத்திலேயே சில மணி நேரத்துக்கு முன் ‘ரேபிட் பிசிஆர்’ எடுக்க வேண்டியிருந்தது. நெகட்டிவ் ரிசல்ட்டோடு சென்னை விமான நிலையத்துக்குள் போனவர் பாசிட்டிவ் ஆகி வெளியே வர இடமிருந்தது. விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் வளைகுடாத் தொழிலாளிக்கு இது டிக்கெட்டோடு நிற்கிற நஷ்டம் அல்ல, வேலைக்கே உலை வைக்கக்கூடியது.

பாசிட்டிவ் உறுதியானதும் பயணி தங்கியிருக்கும் நாட்டின் சட்டத்துக்குள் வந்துவிடுகிறார். இதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு மலைக்க வைத்தது. ஐரோப்பாவில் பல இடங்களில் தங்கிய அறையிலேயே அடைந்து கிடந்தால் போதும் என்று இருந்தது. விடுதிக்காரர் சம்மதிக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஹாங்காங்கில் அந்தப் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. முதலில் மருத்துவமனை, பிற்பாடு பென்னிஸ் பே போன்ற அரசு முகாம்கள். ஒரே விமானத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பாசிட்டிவ் வந்தால் அந்த வழித்தடத்துக்கே 14 நாள் தடை விழுந்தது. 2020 ஆகஸ்டில் டெல்லியிலிருந்து சென்ற ஏர் இந்தியா விமானங்களுக்கு அப்படித்தான் தடை வந்தது. 2021 நவம்பர் 29 முதல் சென்னையிலிருந்து தடுப்பூசி போட்டவர்களுக்கான தனி வழித்தடத்தைத் திறந்த சிங்கப்பூர், வந்திறங்கியதும் பரிசோதித்தது. குறுகிய கால விசாவில் வந்தவர் பாசிட்டிவ் ஆனால் மருத்துவச் செலவு அவருடையதாக இருந்தது.

தாய்லாந்தில் நடந்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2021 நவம்பர் 1 அன்று சுற்றுலாவுக்குக் கதவு திறந்தபோது ‘டெஸ்ட் அண்ட் கோ’ என்ற திட்டம் வந்தது. இறங்கியதும் பிசிஆர், ரிசல்ட் வரும்வரை அங்கீகரிக்கப்பட்ட ஓட்டலில் ஒரு இரவு. பாசிட்டிவ் என்றால் மருத்துவமனை, அல்லது மருத்துவமனையின் கண்காணிப்பில் நடக்கும் ‘ஹாஸ்பிடெல்’ என்ற ஓட்டல். அறிகுறி ஒன்றுமே இல்லாதவரும் போயாக வேண்டியிருந்தது. நாட்டுக்குள் வரவே 50,000 டாலர் காப்பீடு கட்டாயம் என்பதால் செலவு பற்றிக் கவலையில்லை என்று பலர் நினைத்தார்கள். பில்லைப் பார்த்த காப்பீட்டு நிறுவனங்கள் சில, அறிகுறி இல்லாதவருக்கு மருத்துவமனை அவசியமே இல்லையே, எதற்குப் பணம் தருவது என்று கேட்டன. அரசு மருத்துவமனையில் அனுமதித்தே தீருவேன் என்கிறது. பாலிசி அனுமதித்திருக்கவே வேண்டாம் என்கிறது. இரண்டு பேர் சொன்னதும் அவரவர் விதிப்படி சரிதான். பணம் கட்டியது மட்டும் பயணி. காப்பீட்டுத் தொகை 2022 மார்ச்சில் 20,000 டாலராகவும் மே மாதம் 10,000 டாலராகவும் குறைந்து, ஜூலை 1 அன்று கட்டாயமே நீங்கியது.

செலவு யாருடையது என்பதற்குச் சர்வதேசச் சட்டத்தில் பதில் எழுதப்பட்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார ஒழுங்குமுறைகளின் 40ஆவது பிரிவு, தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ குடியேற வருபவர்கள் நீங்கலாக, பயணிகளைத் தனிமைப்படுத்துவதற்கு நாடுகள் கட்டணம் வாங்கக்கூடாது என்கிறது. 32ஆவது பிரிவு உணவு, குடிநீர், இடம், மருத்துவம், புரிகிற மொழியில் தகவல் ஆகியவற்றைத் தர வேண்டும் என்கிறது. நடைமுறை வேறு பாதையில் போனது. இந்தியாவை 2021 ஏப்ரல் 23 முதல் ஆகஸ்ட் 8 வரை சிவப்புப் பட்டியலில் வைத்திருந்த பிரிட்டன், அங்கிருந்து திரும்பிய தன் குடிமக்களிடமே ஓட்டல் தனிமைக்குத் தனியாக வந்த ஒருவருக்கு 1,750 பவுண்டு வாங்கியது. தங்கியிருக்கும்போது பாசிட்டிவ் வந்தால் கூடுதல் நாட்களுக்கும் கட்டணம் இருந்தது.

காப்பீட்டில் மூன்று தனித்தனிச் செலவுகள் இருப்பது பாலிசி வாங்கும்போது கண்ணில் படுவதில்லை. சிகிச்சைக்கான செலவு ஒன்று. சிகிச்சை தேவைப்படாமல் அறையில் அடைந்திருக்கும் நாட்களின் வாடகையும் சாப்பாடும் இன்னொன்று. பயணம் தடைபட்டதால் வீணான டிக்கெட்டும் புதிய டிக்கெட்டுக்கான கட்டண வித்தியாசமும் மூன்றாவது. முதலாவதைத் தரும் பாலிசி மற்ற இரண்டையும் தரும் என்று நினைத்துக்கொள்ள ஆதாரமில்லை. க்ளெய்ம் செய்யத் தேதியோடு கூடிய ஆய்வக ரிசல்ட் வேண்டும். அறையில் இருக்கச் சொன்ன மருத்துவர் அல்லது சுகாதார அதிகாரியின் எழுத்து வேண்டும். வீட்டுக் கிட்டில் கோடு விழுந்த புகைப்படம் இதற்கெல்லாம் உதவாது.

விசா முடிந்துவிடுமே என்ற கவலை பல நேரம் தேவைக்கு மீறியது. ஷெங்கன் நாடுகளின் விசா விதித்தொகுப்பில் 33ஆவது பிரிவு, தன் கையில் இல்லாத காரணத்தால் கிளம்ப முடியாதவருக்குக் கட்டணமின்றி நீட்டிப்பு தர வழிசெய்கிறது. ஆனால் கெடு முடிவதற்குள் கேட்க வேண்டும். கையில் காசே இல்லாமல் நின்றுவிட்ட இந்தியருக்கு, தூதரகங்கள் வழியாக நடக்கும் இந்தியச் சமூக நல நிதி உண்டு. 2009இல் தொடங்கப்பட்ட இந்த நிதி தங்குமிடம், அவசரச் சிகிச்சை, திரும்பும் டிக்கெட் ஆகியவற்றுக்கு நிலைமையைப் பார்த்து உதவுகிறது. சுற்றுலாப் பயணி ஓட்டல் பில்லோடு போய்க் கேட்பதற்கான இடம் அது இல்லை.

இனி திரும்புவதற்கான காகிதம். குணமானவருக்கு பிசிஆர் நெகட்டிவ் ஆகக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக அமெரிக்க உத்தரவு இன்னொரு வழி வைத்திருந்தது. 90 நாட்களுக்குள் வந்த பாசிட்டிவ் ரிசல்ட்டும், பயணம் செய்யலாம் என்று மருத்துவர் கொடுத்த கடிதமும் சேர்ந்தால் நெகட்டிவ் ரிசல்ட்டுக்குச் சமமாக இருந்தது. ரிசல்ட்டில் மாதிரி எடுத்த தேதியும் பரிசோதனையின் வகையும் இருக்க வேண்டியிருந்தது. கடிதம் லெட்டர்ஹெட்டில், மருத்துவரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கையெழுத்து, தேதியோடு இருக்க வேண்டியிருந்தது. பயணியின் பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டுக்காரருக்கு இனிஷியல் சங்கடம் இங்கேயும் இருந்தது. ‘பயணம்’ என்ற சொல் கடிதத்தில் இல்லாமல், தனிமை முடிந்தது, வேலைக்குப் போகலாம் என்று இருந்தாலும் செல்லுபடியானது. இந்தச் சலுகை கவுன்ட்டர் ஊழியர் எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்று சொல்ல முடியாது. விதியின் பிரதியையும் கையில் வைத்திருந்தவர் பிழைத்தார்.

ஐரோப்பிய ஒன்றியம் இதே நோய்க்கு வேறு கணக்கு வைத்தது. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அதன் டிஜிட்டல் கோவிட் சான்றிதழில், குணமானவர் என்ற தகுதி 180 நாள் வரை செல்லுபடியானது. ஆனால் தொடக்கத்தில் பிசிஆர் வகைப் பரிசோதனையில் பாசிட்டிவ் ஆகியிருக்க வேண்டியிருந்தது. அமெரிக்கப் பயணி ஆன்டிஜென்னோடு நிறுத்திக்கொண்டால் அவருக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

ஆய்வகம் தேடி அலையாமலிருக்க இன்னொரு ஏற்பாடும் இருந்தது. பினாக்ஸ்நவ் போன்ற வீட்டுக் கிட்டை, வீடியோவில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கச் செய்தால் அமெரிக்க உத்தரவின்படி செல்லுபடியானது. பாஸ்போர்ட்டைக் கேமராவில் காட்டி, மூக்கில் குச்சி விட்டு, பரிசோதனை அட்டையைத் திரையை விட்டு நகர்த்தாமல் 15 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ரிசல்ட் மின்னஞ்சலில் வந்தது. ஓட்டல் வைஃபை நடுவில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

இவ்வளவு கெடுபிடிக்கும் நடுவே பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அமெரிக்க உத்தரவு விமானத்துக்கு மட்டும்தான். தரைவழியாக வந்தவருக்குப் பரிசோதனை இருக்கவில்லை. மெக்சிகோ தன் நாட்டுக்குள் விமானத்தில் வருபவரிடமும் ரிசல்ட் கேட்கவில்லை. ஆகவே ஐரோப்பாவில் சிக்கியவர் மெக்சிகோ சிட்டி வழியாகத் திஹுவானா போய், அந்த விமான நிலையத்தை அமெரிக்க மண்ணோடு இணைக்கும் நடைபாலத்தில் நடந்தால் கலிபோர்னியா. 2022 ஏப்ரல் 1 அன்று கனடாவும் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பரிசோதனையை நீக்கியதும் வடக்கிலும் வழி திறந்தது. குணமாகியும் கடிதம் கிடைக்காதவர் இப்படி வந்ததைக் குறைசொல்ல முடியாது. இரண்டாம் நாள் காய்ச்சலோடு இரண்டு விமானம் மாறி வந்தவரையும் அதே பாலம் அதேபோல அனுமதித்தது. நோயைத் தடுக்க வந்த விதி, நோயாளியை நீண்ட பாதையில் அதிகப் பேரோடு பயணம் செய்ய வைத்தது என்றால் விதியில்தான் கோளாறு.

இந்தியப் பக்கத்தில் 2021 டிசம்பர் 1 முதல், அபாயப் பட்டியலில் இருந்த நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இறங்கியதும் பரிசோதனை. பாசிட்டிவ் வந்தவரின் மாதிரி மரபணுப் பகுப்பாய்வுக்குப் போனது. அவர் தனிமை வார்டுக்குப் போனார். தமிழ்நாட்டின் முதல் ஒமைக்ரான் தொற்றும் விமான நிலையம் வழியாகத்தான் தெரியவந்தது. 2022 பிப்ரவரி 14 முதல், பட்டியலிடப்பட்ட நாடுகளில் தடுப்பூசி முடித்தவர்களுக்கு பிசிஆர் தேவையில்லாமல் போனது. 2022 நவம்பரில் ஏர் சுவிதா படிவமும் நின்றது. சீனாவில் தொற்று வெடித்தபோது, 2023 தொடக்கத்தில், ஆறு இடங்களிலிருந்து வருபவர்களுக்கு மட்டும் அது சில வாரம் உயிர்பெற்றது.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை விலக்கிக்கொண்டது. காகிதத் தொல்லை ஏறக்குறைய ஒழிந்தது, நோய் இருக்கிறது. இன்று வெளிநாட்டில் கிட்டில் கோடு விழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது வயதும் உடன் உள்ள நோய்களும்தான். முதியவர்களுக்கும் நீரிழிவு, இதயநோய் உள்ளவர்களுக்கும் தரப்படும் பேக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் உட்படப் பல மருந்துகளோடு அது சேராது. ஆகவே தினமும் சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலை, கம்பெனிப் பெயராக அல்லாமல் மருந்தின் பொதுப்பெயராக எழுதிவைத்திருந்தால் அயலூர் மருத்துவருக்குப் புரியும். 2024 மார்ச்சில் வந்த சிடிசி வழிகாட்டுதல் ஐந்து நாள் கட்டாயத் தனிமையைக் கைவிட்டது. காய்ச்சல் மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல், மற்ற அறிகுறிகளும் தணிந்திருந்தால் வெளியே வரலாம். அதன்பின் ஐந்து நாள் முகக்கவசம் போன்ற எச்சரிக்கை வேண்டும் என்கிறது. அந்த நாட்களுக்குள் விமானம் இருந்தால் தேதியை மாற்றுவதா, முகக்கவசத்தோடு ஏறுவதா என்பதை இப்போது எந்தக் கவுன்ட்டரும் கேட்பதில்லை. பயணியே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.