தெரியாத மலையைக் காட்டும் விளக்குகள்

இலங்கையின் ஊவா மலைநாட்டில் உள்ள பூனாகலையில் இருட்டிவிட்டால் எதிர்மலை கண்ணுக்குத் தெரியாது. தோட்ட லயன்களில் எரியும் விளக்குகள் மட்டும் அந்தரத்தில் தொங்குவதுபோல் தெரியும். ஆனாலும் அங்கே மலை இருக்கிறது என்பதில் எந்தப் பிள்ளைக்கும் சந்தேகம் வராது. தாங்க ஒன்று இல்லாமல் விளக்கு அவ்வளவு உயரத்தில் நிற்காதே!

கோயம்புத்தூரில் பிறந்து அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கும் பிரியம்வதா நடராஜன் செய்வதும் ஏறக்குறைய இதுதான். விண்மீன் மண்டலங்களின் ஒளியை வைத்து, கண்ணுக்குத் தெரியாத இருட்பொருளை வரைபடமாக்குகிறார். பிரபஞ்சத்தின் பொருளில் ஆறில் ஐந்து பங்கு ஒளி விடாதது. ஒளி இல்லாவிட்டாலும் ஈர்ப்பு உண்டு. தூரத்திலிருந்து வரும் வெளிச்சம் அந்த ஈர்ப்பில் வளைந்து போகிறது. கண்ணாடித் தம்ளரின் அடிப்பக்கம் வழியாக மெழுகுவர்த்தியைப் பாருங்கள். சுடர் நெளிந்து நீளும். விண்மீன் மண்டலங்களின் ஒளியில் தெரியும் அதுபோன்ற நெளிவை அளந்துதான் இருட்பொருள் எங்கே, எவ்வளவு குவிந்திருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

இந்த வளைவு பூதக்கண்ணாடியாகவும் உதவும். வாயுத்திரள் விண்மீனாகாமலே நேரடியாக உள்ளிடிந்து பெரிய கருந்துளை ஆகலாம் என்று 2006இல் ஜியூசெப்பே லொடாட்டோவுடன் சேர்ந்து பிரியம்வதா எழுதினார். 2023இல் ஏபெல் 2744 என்ற விண்மீன் மண்டலக் கொத்தின் ஈர்ப்பே பூதக்கண்ணாடியாக, அதற்குப் பின்னால், 1,320 கோடி ஆண்டுகள் பயணித்து வந்த ஒளியில், அந்தக் கணிப்புக்குப் பொருந்தும் கருந்துளை ஒன்று தென்பட்டது. அதன் நிறை 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள். கண்டவை ஜேம்ஸ் வெப், சந்திரா என்ற இரு விண்வெளித் தொலைநோக்கிகள். பின்னது தமிழரான வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கியது.

பிரியம்வதா 2016இல் பொது வாசகர்களுக்காக ‘மேப்பிங் தி ஹெவன்ஸ்’ என்ற நூலையும் எழுதினார். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அவரது பள்ளிக்காலம். டெல்லி நேரு கோளரங்கின் நிருபமா ராகவன், நகரத்து வானத்தின் நட்சத்திர வரைபடத்தைக் கணினியில் வரையும் வேலையைச் சிறுமியான அவரிடம் நம்பி ஒப்படைத்தார். ஆராய்ச்சி அங்கேதான் தொடங்கியது.

நம் பிள்ளைகளும் அப்படித் தொடங்கலாம். ஊவாவில் கச்சான் காற்று வீசி, தேயிலைக்கு மணம் ஏறும் ஆகஸ்டில் வானமும் தெளியும். இரவு ஒன்பது மணிக்குத் தெற்கே பாருங்கள்: விருச்சிகத்துக்கும் தனுசுக்கும் நடுவே, 26,000 ஒளியாண்டு தூரத்தில், நம் பால்வீதியின் மையம். ஆசிரியர்களே, முற்றத்து விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே கூட்டி வாருங்கள். பூனாகலை வானத்தை அவர்களே ஒரு தாளில் வரையட்டும்.