70 ரூபாய் 6010 ஆனது எப்படி? பிரவுசர் மொழியும் உங்கள் பாதுகாப்பும்

விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய், சேவைக் கட்டணம் 10 ரூபாய். மொத்தம் 70 தானே? பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், அந்த 60 எண்ணாக இல்லாமல் எழுத்தாகப் பதிவாகியிருந்தால் விடை 6010! எழுத்தையும் எண்ணையும் கூட்டச் சொன்னால் அது பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிடும். எச்சரிக்கையும் தராது.

1995-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இம்மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் உருவாக்கினார். சின்னச் சின்ன வேலைகளுக்காக வந்த மொழியில்தான் இன்று பணம் கட்டும் பக்கங்களே ஓடுகின்றன.

இந்தக் குழப்பத்தைக் குறைக்க மைக்ரோசாஃப்ட் 2012-ல் டைப்ஸ்கிரிப்டை வெளியிட்டது. 'தொகை என்பது எண்', 'பெயர் என்பது எழுத்து' என்று நிரலிலேயே வகையைக் குறித்து வைக்கலாம். கட்டாயமில்லை, வேண்டிய இடத்தில் குறித்தால் போதும். அங்கே பொருந்தாத ஒன்று வந்தால், பக்கம் உங்கள் போனுக்கு வரும் முன்பே நிரலாளருக்குத் தெரிந்துவிடும்.

அப்படின்னா பக்கம் பாதுகாப்பானதா? அவசரப்பட வேண்டாம். பிரவுசருக்கு வரும்போது இந்த வகைக் குறிப்புகள் நீக்கப்பட்டு, வெறும் ஜாவாஸ்கிரிப்ட்தான் வருகிறது. தன் பிரவுசரில் ஓடும் நிரலை யாரும் மாற்றவும் முடியும். ஆகவே தொகை எவ்வளவு, விண்ணப்பித்தவர் யார் என்பதை சர்வர் மறுபடியும் சரிபார்த்தே தீர வேண்டும். வகைக் குறிப்பு கைத்தவறைப் பிடிக்கும், திருடனைப் பிடிக்காது. போலித் தளத்தையும் டைப்ஸ்கிரிப்டில் பிழையில்லாமல் எழுதலாமே!

நீங்கள் செய்ய வேண்டியவை:

• பணம் கட்டும் முன் மொத்தத் தொகையை ஒருமுறை படியுங்கள். தவறாக இருந்தால் கட்டாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தத் தளத்தின் உதவி மையத்துக்குத் தெரிவியுங்கள்.

• தளத்தின் முகவரியை முழுதாகப் பாருங்கள். பூட்டுப் படம் இருப்பதால் மட்டும் அது அரசுத் தளம் ஆகிவிடாது.

• பிரவுசரை அப்டேட் செய்யுங்கள். ஒரு தளம் இன்னொரு தளத்தில் உள்ள உங்கள் விவரத்தைப் படிக்காமல் தடுப்பது அதுதான்.

• 'இந்த வரியை பிரவுசரில் ஒட்டுங்க, விண்ணப்பம் சீக்கிரம் நகரும்' என்று யாராவது அனுப்பினால் ஒட்டவே வேண்டாம். அது நீங்கள் லாகின் செய்த பக்கத்தில், உங்கள் பெயரிலேயே ஓடும் நிரலாக இருக்கலாம்.