கடலுக்கடியில் கைகோத்து நிற்கும் பிள்ளைகள்

கரிபியன் கடலில் கிரெனடா என்று ஒரு சின்னஞ்சிறு தீவு நாடு இருக்கிறது. நம் பினாங்குத் தீவைவிடச் சற்றே பெரிது. ஜாதிக்காய்த் தோட்டங்களுக்குப் பேர்போன ஊர். 1857-ஆம் ஆண்டு தொடங்கி இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களாகக் கப்பலேறிச் சென்றவர்களின் சந்ததியினரும் அங்கு வாழ்கின்றனர்.

2004 செப்டம்பரில் 'ஐவன்' என்னும் சூறாவளி அத்தீவைப் புரட்டிப் போட்டது. வீட்டுக் கூரைகள் பறந்தன. ஜாதிக்காய் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கடலுக்கடியில் பவளப்பாறைகளும் நொறுங்கின. மரம் சாய்ந்தால் ஊருக்கே தெரியும். பவளம் நொறுங்கினால் யார் கண்ணுக்குத் தெரியும்?

பவளம் கல்லா?

பலரும் பவளத்தைக் கல் என்றே எண்ணுகிறோம். உண்மையில் அது கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் சேர்ந்து கட்டிய வீடு. கடலடிப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத பவளப்பாறைகளை நம்பித்தான் கடல் உயிரினங்களில் ஏறக்குறைய கால்வாசி வாழ்கின்றன. பாறை அழிந்தால் மீன் குறையும். மீனவர் வீட்டு அடுப்பும் அணையும்.

சிற்பி செய்த வேலை

ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற சிற்பி இதற்கு ஒரு வழி கண்டார். இங்கிலாந்தில் பிறந்த இவர், சிறுவயதில் நம் மலேசியக் கடலில்தான் பவளப்பாறைகளைப் பார்த்து மகிழ்ந்தவர் என்பது நமக்குப் பெருமை. 2006-ஆம் ஆண்டு கிரெனடாவின் மொலினியர் குடாவில் சிலைகளைக் கடலடியில் நிறுவினார். ஆளுயரத்தில் 26 பிள்ளைகள் கைகோத்து வட்டமாக நிற்கும் சிலை உலகப் புகழ் பெற்றது.

பவளக் குஞ்சுகள் ஒட்டி வளர ஏற்ற தனிவகைச் சிமெண்டில் செய்த சிலைகள் இவை. நாளடைவில் கடற்பஞ்சும் பவளமும் பிள்ளைகளின் முகத்திலும் தோளிலும் படர்ந்தன. மீன்கள் குடியேறின. சிலையைக் காணப் பயணிகள் குவிந்ததால், அருகிலுள்ள இயற்கைப் பாறைகளுக்கு நெருக்கடி குறைந்தது. பின்னர் அப்பகுதி பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாகவும் ஆனது.

சிலை மட்டும் போதுமா?

போதாது. கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறினால், பவளம் தனக்கு உணவூட்டும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப் போகும். சூடு நீடித்தால் செத்துவிடும். சிலைமேல் வளர்ந்த பவளமும் இதற்குத் தப்பாது. 2010-இல் நம் தியோமான், ரெடாங் தீவுகளிலும் பவளம் வெளுத்ததால், முக்குளிப்போர் செல்லும் சில இடங்களைச் சிறிது காலம் மூடி வைத்தார்கள். ஆயினும், கண்ணால் கண்ட பொருள்மீதுதானே மனிதனுக்குப் பாசம் பிறக்கிறது! கலை செய்யும் உதவி அதுதான்.

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர்களே! பவளத்தின்மேல் கால் வைக்க விடாதீர்கள். ஞாபகத்துக்கென்று ஒரு துண்டும் ஒடித்து வராதீர்கள். பிளாஸ்டிக் பைகளைக் கடலில் வீசாதீர்கள். வீடு திரும்பியதும், கண்டதைப் படமாக வரையச் சொல்லுங்கள். வரைந்த பிள்ளை அதை அழிக்க மனம் கொள்ளாது.