இடிக்கிறதுக்குன்னு கட்டின மாளிகை

நம்ம எல்லார் ஊர்லயும் ஒரு பழைய கட்டிடம் பூட்டியே கிடக்கும். "இதைச் சரிபண்ணி ஏதாவது செய்யலாமே"ன்னு யாராவது சொல்லுவாங்க. சரிபண்றதைப் பத்தி நிறையப் பேசுவோம். அந்த "ஏதாவது" என்னன்னு பேசுறது குறைவு. இன்னைக்கு எபிசோட் அதைப் பத்தித்தான்.

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போவோம். 1906-ல பூகம்பமும் தீயும் அந்த நகரத்தைச் சிதைச்சுது. 1915-ல, பனாமா கால்வாய் திறந்ததைக் கொண்டாட அங்க ஒரு உலகக் கண்காட்சி நடந்தது. அதுல ஓவியங்களை வைக்கக் கட்டினதுதான் 'பேலஸ் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ்'. வடிவமைச்சவர் பெர்னார்ட் மேபெக். குவிமாடம், தூண் வரிசை, முன்னாடி ஒரு குளம்னு பார்க்க ரோமானிய இடிபாடு மாதிரி இருக்கும். ஆனா கல் கிடையாது. பிளாஸ்டரும் நாரும் கலந்து பூசினது. கண்காட்சி முடிஞ்சதும் இடிக்கணும்னுதான் திட்டம்.

ஊர்க்காரங்க விடல. கண்காட்சி நடக்கும்போதே இதைக் காப்பாத்த ஒரு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. கட்டிடம் பிழைச்சுது. ஆனா எதுக்கு? பின்னாடி இருந்த பெரிய கூடத்துல கொஞ்ச காலம் டென்னிஸ் ஆடினாங்க. இரண்டாம் உலகப்போர்ல ராணுவ வண்டிகளை நிறுத்தினாங்க. அப்புறம் கிடங்கு. பிளாஸ்டர் உதிர்ந்துக்கிட்டே இருந்தது.

1964-ல, இனிமே ஒட்டுப்போட்டு ஓட்ட முடியாதுன்னு ஆச்சு. கூடத்தோட எஃகுச் சட்டத்தை மட்டும் விட்டுட்டு மத்ததை இடிச்சாங்க. அதே வடிவத்தை கான்கிரீட்ல வார்க்க ஆரம்பிச்சாங்க. வால்டர் ஜான்சன்ங்கிற ஊர்க்காரர் 20 லட்சம் டாலர் கொடுத்தார். கட்டிடம் உறுதியாச்சு. கூடம் மட்டும் காலி.

அங்க வந்தவர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர். ஆமா, ராபர்ட் ஓப்பன்ஹைமரோட தம்பிதான். இவரும் இயற்பியலாளர், அணுகுண்டுத் திட்டத்துல வேலை பார்த்தவர். ஒரு காலத்துல கம்யூனிஸ்ட் கட்சியில இருந்த விஷயம் வெளிய வந்ததும், 1949-ல பல்கலைக்கழக வேலை போச்சு. கொலராடோவுல மாட்டுப் பண்ணை வெச்சிருந்தார். அங்க ஒரு பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக் கொடுத்தார். அறிவியலைக் கையால தொட்டுத்தான் கத்துக்கணும்ங்கிறது அவரோட நம்பிக்கை. 1969-ல அந்தக் காலிக் கூடத்துல 'எக்ஸ்ப்ளோரடோரியம்' ஆரம்பிச்சார்.

அவர் செஞ்சது என்ன? ஒண்ணு, கருவிகளைச் செய்யுற பட்டறையை மறைக்கல, வர்றவங்க கண்ணு முன்னாடியே வெச்சார். ரெண்டு, எதையும் தொட்டுப் பார்க்கலாம். மூணு, விளக்கிச் சொல்ல பேராசிரியர்கள் இல்ல, பள்ளி மாணவர்கள், அதுவும் சம்பளத்துக்கு. நாலு, விஞ்ஞானிகளோட கலைஞர்களையும் சேர்த்துக்கிட்டார். பாப் மில்லர்ங்கிற கலைஞர் சூரிய ஒளியை உள்ளே கொண்டு வந்து, முப்பட்டகங்கள்ல பிரிச்சு, ஒரு திரையில நிறங்களா விழ வெச்சார். அது ஓவியமா, ஒளியியல் பாடமா? ரெண்டும்தான். இதையெல்லாம் எப்படிச் செய்யுறதுன்னு சமையல் குறிப்பு மாதிரி புத்தகமே போட்டாங்க. மத்த ஊர்க்காரங்களும் செஞ்சுக்கட்டுமேன்னு.

44 வருஷம் அது அங்கேயே நடந்தது. 2013-ல துறைமுகத்துல 'பியர் 15'-ங்கிற இன்னொரு பழைய கட்டிடத்தைப் புதுப்பிச்சு அங்க மாறினாங்க. அங்க ஏசிக்கும் ஹீட்டிங்குக்கும் விரிகுடாத் தண்ணியைப் பயன்படுத்துறாங்க. அதையும் ஒரு காட்சிப்பொருளாவே வெச்சிருக்காங்க.

இவங்க போனதும் பழைய கூடத்துக்கு மறுபடியும் ஆள் தேட வேண்டி வந்தது. கான்கிரீட் அப்படியே உறுதியாத்தான் இருந்தது. அதனால உங்க ஊர்க் கட்டிடத்துக்கு எஸ்டிமேட் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க: திறப்பு விழா முடிஞ்ச மறுநாள் காலையில கதவைத் திறக்கப்போறது யாரு? உள்ளே வர்ற பிள்ளைங்க அங்க என்ன செய்வாங்க? இதுக்குப் பதில் இருந்தா, சிமென்ட் கணக்கை அப்புறம் பார்த்துக்கலாம்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.