உங்களுக்குத் தெரியுமா? கள் குடித்த தெய்வம்

நைஜீரியாவின் யொருபா மக்களுக்கு மனித உடலைக் களிமண்ணில் வனைபவர் ஒபாதாலா. ஒருநாள் தாகத்துக்குக் கள்ளைக் குடித்தவர், போதை ஏறியும் வேலையை நிறுத்தவில்லை. கூன் விழுந்தோர், குள்ளமானோர், உடலெங்கும் நிறமின்றிப் பிறப்போர் எல்லாரும் அன்று அவர் கையில் உருவானவர்களாம். தெளிந்ததும் வெட்கிப்போய், இவர்களுக்கு நானே காவல் என்று ஏற்றுக்கொண்டார். ஆக, பழி தாய்மேலும் இல்லை, பிள்ளைமேலும் இல்லை. அவர்களைக் கேலி செய்தால் அது ஒபாதாலாவைச் சீண்டுவது. அவருடைய அடியார்கள் வெள்ளை உடுத்துவார்கள், கள்ளைத் தொடமாட்டார்கள்.

•

13ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவிய சுந்தியாத்தா, ஏழு வயதுவரை நடக்காதவர் என்கிறது அங்குள்ள பாணர்கள் பாடும் கதை. தாய் சொகொலோனுக்குக் கூன் முதுகு. சமையலுக்குப் பெருக்கமரத்து இலை கொஞ்சம் கேட்கப்போன இடத்தில், "உன் மகனைப் பறித்துவரச் சொல்" என்று சக்களத்தி குத்திக்காட்டினாள். (மன்னாரில் நிற்கிறதே, அதே பெருக்கமரம்தான்.) மகன் இரும்புத் தடி ஒன்றைக் கேட்டு வாங்கி, அதை ஊன்றி எழுந்தார். அவர் பாரம் தாங்காமல் தடி வில்லாக வளைந்தது. பிறகு இலை என்ன இலை, மரத்தையே பிடுங்கி வந்து தாயின் வாசலில் போட்டார்!

•

கானாவின் அசாந்தே மரபில் உடற்குறை உள்ளவர் தலைவருக்கான இருக்கையில் அமர முடியாது. அரச குருதி இருந்தாலும் சரி.

•

காங்கோவின் சொங்யே மக்கள் வேறுபட்ட உடலோடு பிறக்கும் குழந்தைகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: தீயவர், சடங்குக்குரியவர், வெறுமனே குறையுள்ளவர். இரட்டையர் இரண்டாம் வகை. கால் வளைந்த குழந்தை மூன்றாம் வகை. ஆனால் காரணத்தைத் தேடாமல் விடமாட்டார்கள்: முன்னோர் கோபமா, உறவில் பகையா, கொடுக்காமல் விட்ட பரிசப் பணமா?

•

இன்றைய பெனின் நாட்டிலிருந்த தஹோமியில், இயல்பு மாறிப் பிறந்த குழந்தைகளை 'தோஹோசு', அதாவது நீரின் அரசர்கள் என்று நம்பினார்கள். அரசன் அகாபாவின் மகன் ஸோமடோனு அவர்களில் தலைவர். அவருக்கு வழிபாடும் உண்டு. அதே நம்பிக்கையின் பெயரால் சில குழந்தைகளை ஆற்றுக்கே 'திருப்பி அனுப்பியதும்' உண்டு. தெய்வம் என்று கும்பிடுவதால் மட்டும் உயிருக்கு உத்தரவாதம் கிடைத்துவிடவில்லை.

•

நிறமின்றிப் பிறந்தவர்களின் உடலுறுப்பு செல்வம் தரும் என்ற நம்பிக்கையால் தான்சானியாவில் கொலைகள் நடந்தன. 2015 ஜனவரியில் அந்நாட்டு அரசு மந்திரவாதிகளுக்குத் தடை விதித்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஆப்பிரிக்க ஒன்றியம் 2018இல் ஏற்ற உடன்படிக்கை, சடங்குக் கொலைகளைப் பெயர் சொல்லியே கண்டிக்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2024இல்.