செங்குன்றத்திலிருந்து ஒரு மூடுகால்வாய்

காலடிப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கிணற்றில் அளவோடு இறைத்தால் இனிக்கும். மிகுதியாக இறைத்தால் கீழுள்ள உப்புநீர் மேலேறும். சென்னைக் கோட்டைக்கு நீர் வழங்க 1772இல் அமைந்த ஏழுகிணறும் நிலத்தடி ஊற்றை நம்பியதே. நகரம் பெருகவே கிணறுகள் போதவில்லை. கொசஸ்தலையாற்று நீர் தாமரைப்பாக்கத்தில் தடுக்கப்பெற்று, சோழவரம் ஏரி வழியாகச் செங்குன்றத்துப் புழல் ஏரியை அடைந்தது. அங்கிருந்து 1872 முதல் திறந்த மண்கால்வாயில் கீழ்ப்பாக்கத்திற்கு வந்தது. நிலத்தின் சாய்வே அதனைக் கொணர்ந்தது.

சிக்கனமான ஏற்பாடுதான், எனினும் திறந்த கால்வாயில் மாடுகள் இறங்கும், மழை கரையோரக் கழிவுகளை அடித்துவரும். அந்நீர் வடிகட்டப்படாமலேயே குழாய்களுள் சென்றது. ஒரு கிணறு கெட்டால் ஒரு தெரு நோயுறும். பொதுக்குழாய் கெட்டால் நகரமே நோயுறும். இலண்டனில் 1854இல் ஒரு தெருவின் அடிகுழாய் நீரே வாந்திபேதியைப் பரப்பியதென மருத்துவர் ஜான் ஸ்னோ காட்டியிருந்தார். 1884இல் கல்கத்தாவில் ஆய்வு செய்த இராபர்ட் காக், அந்நோய்க் கிருமியைப் பிரித்தறிந்தார்.

சென்னை மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர் மேட்லி வகுத்த திட்டம் 1914இல் நிறைவேறியது. திறந்த கால்வாய்க்கு மாற்றாக மூடிய கட்டுமானக் கால்வாய் வந்தது. கீழ்ப்பாக்கத்தில் மெதுமணல் வடிகட்டிகள் அமைந்தன. மணல், சல்லடைபோல் கிருமிகளைத் தடுக்கிறது என்றே பலரும் எண்ணுவர். மணற்றுகள்களின் இடைவெளியோ கிருமியைவிடப் பன்மடங்கு பெரிது. வடிகட்டி இயங்கத் தொடங்கியதும் மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்களாலான வழுவழுப்பான படலம் படரும். கிருமிகளைப் பெரிதும் பிடித்து அழிப்பது அப்படலமே. பார்வைக்கு அது அழுக்கு; செய்வதோ தூய்மைப் பணி! படலம் தடித்து நீர் இறங்காதபோது மேல்மணலைச் சுரண்டி எடுப்பர். புதிய படலம் உருவாகும்வரை அத்தொட்டியின் நீரை நம்புவதற்கில்லை.

1961இல் மக்கள்தொகை 6.6 இலட்சமாகும், ஆளுக்கு நாளொன்றுக்கு 115 லிட்டர் வேண்டும் என்பதே திட்டத்தின் கணக்கு. அவ்வாண்டில் நகர மக்களோ 17 இலட்சத்தைக் கடந்திருந்தனர். நகைப்பது எளிது. 1911இல் 5.18 இலட்சம் பேரே வாழ்ந்த நகரில் அம்மதிப்பீடு பொருந்தாத ஒன்றன்று. பற்றாக்குறையைத் தீர்க்க 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் எழுந்தது.

அன்றைய திட்டம் நகர எல்லைக்கென வகுக்கப்பட்டது. ஆளுநர் காலெட் பெயரால் நெசவாளர் குடியிருப்பாகத் தோன்றிய காலடிப்பேட்டை, எல்லைக்கு வடக்கே திருவொற்றியூரைச் சேர்ந்திருந்தது. அப்பகுதி 2011இல்தான் மாநகராட்சியுடன் இணைந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாள்தோறும் 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. அதன் நீர் வடசென்னைப் பகுதிகளுக்குச் செல்கிறது.